கூரை வேலை நின்ற வருஷம்

எங்களை ராயபுரத்துக்கு மாற்றியபோது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகள் தொடங்கியிருந்தன. என் கணவர் போதகர். திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் சில வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். அங்கே போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவார்கள். ராயபுரத்திலும் அதே வழக்கம்தான் இருந்தது. தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்வோம்.

கோயிலுக்கும் அதை ஒட்டி நாங்கள் குடியிருந்த வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை. கடற்காற்றில் ஆணிகள் துருப்பிடித்து, சட்டங்களைக் கரையான் தின்று, ஓடுகள் சரிந்து கிடந்தன. ஐப்பசி பிறந்துவிட்டால் ஆராதனை நடக்கும்போதே தண்ணீர் சொட்டும். ஜனங்கள் சொட்டுகிற இடத்தை விட்டு நகர்ந்து நகர்ந்து கடைசியில் பிரசங்க மேடைக்கு முன்னால் ஒரு குவியலாகச் சேர்ந்துவிடுவார்கள். “மழை பெய்தாத்தான் நம்ம சபை ஒண்ணாச் சேருது” என்று என் கணவர் ஒருமுறை மேடையிலிருந்தே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சபையில் வசதியானவர் என்று சொல்ல ஒருவர்தான் இருந்தார். துறைமுகத்தில் கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கக் கூலியாட்களை அனுப்பும் கான்ட்ராக்டர். இளவயதில் அவரே கரிக்கூடை சுமந்தவர் என்று சொல்வார்கள். கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்கு வேட்டி, சேலை கொடுப்பார். சபையில் யாராவது செத்து, அடக்கம் பண்ணக் கையில் ஒன்றுமில்லை என்றால் சவப்பெட்டிக்குச் சொல்லி அனுப்புவார். அவரைக் கெட்ட மனிதர் என்று நான் அன்றும் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகன். பையனுக்கு விஷ ஜுரம் வந்து, பிழைக்கமாட்டான் என்று டாக்டர் கைவிட்டு, பிறகு பிழைத்துக்கொண்டான். அதற்கு நன்றியாகக் கோயில் கூரை முழுவதையும் மாற்றித் தருவதாகக் கான்ட்ராக்டர் சொன்னார். பர்மா தேக்கில் சட்டம், மங்களூர் ஓடு. அவருடைய தகப்பனார் பெயரில் ஒரு சலவைக்கல் பதிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். கல் விஷயம் என் கணவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் சம்மதித்தார். வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையிலிருந்து மாட்டுவண்டிகளில் மரம் வந்து எங்கள் முற்றத்தில் இறங்கியது. அந்தத் தேக்கு வாசனை வீடு முழுக்க அடித்தது. எனக்கு அது பண்டிகை போல இருந்தது. என் பிள்ளைகள் படுக்கிற அறையிலும்தானே ஒழுகியது.

எங்கள் ஊர்ப்பக்கத்துப் பழக்கம் ஒன்றை நான் ராயபுரத்துப் பெண்களிடம் பழக்கியிருந்தேன். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டு வைப்பது. பிடியரிசி என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். சேர்ந்த அரிசியைச் சனிக்கிழமை காலையில் எங்கள் வாசலில் வைத்து, இல்லாதவர்களுக்கு அளந்து கொடுப்போம். எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்பதில்லை. அந்த வருஷம் துறைமுகத்தில் கப்பல் வரத்துக் குறைந்துபோய், பாதிப் பேருக்கு வேலை இல்லை. அதனால் வாசலில் கூட்டம் இருந்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை, அரிசி வாங்கிய பிறகும் ஒரு பெண் போகாமல் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, சேலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

“ஐயரம்மா, உங்க கோயிலுக்குப் புது ஓடு போடப் போறாங்களாமே, நெசமா?”

“ஆமா.”

“அப்போ பழைய ஓட்ட இன்னா பண்ணுவீங்கோ? ஒடஞ்சதா இருந்தாலும் பரவால்ல. எங்களுக்குக் கொஞ்சம் குடுக்கச் சொல்றீங்களா?”

“எதுக்கும்மா?”

“வூட்டுக்குக் கூரை இல்ல.”

“காத்துல போயிட்டுதா?”

“காத்து இல்லம்மா. ஆளுங்க வந்து பிரிச்சிட்டாங்கோ.”

எனக்கு அது விளங்கவில்லை. அளக்கிற படியை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு அவளோடு நடந்தேன். காசிமேட்டுக்குப் போகிற மணல் பாதையில், கூலியாட்கள் குடியிருக்கிற குடிசை வரிசை இருந்தது. அதில் ஒன்று மட்டும் பல்லிழந்த வாய் மாதிரி நின்றது. நான்கு மண்சுவர், மேலே வானம். மூங்கில்கள்கூட அப்படியே இருந்தன, ஓலையைத்தான் உருவியிருந்தார்கள். உள்ளே ஒரு பலகையில், சாக்கு விரித்து, அவள் புருஷன் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். முடியவில்லை.

கப்பலிலிருந்து கரி இறக்குகிறபோது விழுந்ததாகச் சொன்னான். “கப்பலுக்கும் தோணிக்கும் நடுவால பலகை போட்டுகீறாங்கோ. கரித்தூளு, வழுக்கிடுச்சி. கூடையோட வுழுந்தேன்.” இடுப்பு எலும்பு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து, இனி வீட்டில் இருந்தால் போதும் என்று அனுப்பியிருந்தார்கள்.

“கூரையை ஏன் பிரிச்சாங்க?”

“வேலைக்கு வர்றவனுக்குத்தான் வூடு, காலி பண்ணுன்னு மேஸ்திரி வந்து சொன்னாரு. போக எடமில்லன்னேன். ரெண்டு தபா சொன்னாரு. மூணாந்தபா ஓலையப் பிரிச்சிட்டாங்கோ. மழை வந்தா நாங்களாப் பூடுவோம்னு.”

இதை அவன் கோபமில்லாமல்தான் சொன்னான், இன்றைக்கு வெயில் அதிகம் என்பதுபோல.

“யாரோட மேஸ்திரி?”

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள்தான் சொன்னாள். “உங்க கோயிலுக்கு மரம் வாங்கிக் குடுத்தாரே, அவரோட ஆளுதாம்மா.” சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். “இத்தச் சொன்னதால பழைய ஓடு தரமாட்டீங்களா?”

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஓடு தருகிறோம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் சட்டென்று பேசுகிறவர் இல்லை. “நீ கண்ணால பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். “நானும் போய்ப் பார்த்துட்டு வாரேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார். திரும்பி வர மத்தியானம் தாண்டிவிட்டது. சாயங்காலம் கான்ட்ராக்டர் மரத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்காகக் காத்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

கான்ட்ராக்டர் வந்து மரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது பேச்சு தொடங்கியது. சமையலறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தபடி இருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது.

“அது தொழிலு, ஐயரே. இது கோயிலு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பாதீங்க.”

“ரெண்டையும் செய்யுதது ஒரே ஆளுதான?”

“ஒடம்பு ஆவாதவன அந்த வூட்ல வெச்சிக்கினா, நாளைக்கு வேலைக்கு வர்றவன் எங்க படுப்பான்? கப்பல் வந்து நின்னா ஆளு எங்கன்னு தொரை என்னத்தான் கேப்பாரு. வேலையே கொறஞ்சி பேஜாரா கீது.”

“அவன் உங்க வேலையிலதான விழுந்தான்?”

“வுழுந்தப்போ வண்டி வெச்சி ஆஸ்பத்திரிக்கு அனுப்புனது யாரு? நான்தான்.”

“நல்ல காரியம் செஞ்சீங்க. இப்போ கூரையையும் போட்டுக் குடுத்துருங்க.”

“போடலன்னா?”

என் கணவர் சொன்னார். “போடுத வரைக்கும் இந்த மரத்துல நான் கை வைக்க முடியாது. காணிக்கை கொண்டு வரும்போது, ஒருத்தனுக்கு நம்ம பேர்ல குறை இருக்குன்னு தெரிஞ்சா, காணிக்கையை அப்படியே வெச்சுட்டு முதல்ல அவன்கிட்டப் போய்ச் சமாதானம் பேசி ஒப்புரவாகணும்னு வேதத்துல இருக்கு. வருஷா வருஷம் நானே பிரசங்கம் பண்ணுதேன்.”

“அவன் நம்ம சபையே இல்லையே!”

“சபைக்காரனா இருக்கணும்னு அதுல சொல்லல.”

கான்ட்ராக்டர் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பட்டணத்துல எத்தினியோ கோயில் கீது, ஐயரே” என்றார். கேட்டைச் சாத்தாமலே போய்விட்டார்.

அந்த வாரமே சபைக் கமிட்டி கூடியது. பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்தான் எல்லாருக்குமாகப் பேசினார். நல்லவர், நியாயஸ்தர். “கொடுக்கிறவன் கையை ஆராய ஆரம்பிச்சா எந்தக் கோயிலிலும் காணிக்கைப் பை நிரம்பாது ஐயா. முதல்ல மரத்தை மேலே ஏத்துவோம். அப்புறம் அவரிடம் பக்குவமாகச் சொல்லலாம்” என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

“நான் யாரையும் தேடிப் போய் ஆராயல” என்றார் என் கணவர். “அந்தம்மா நம்ம வாசலுக்கு வந்து கேட்டுட்டா. கேட்டப்புறம் கேக்காத மாதிரி எப்படி இருக்க?”

“மழை வருதே ஐயா.”

“அங்கேயும் வருமே.”

அதோடு கூட்டம் கலைந்தது. ஞாயிற்றுக்கிழமை, யார் பெயரையும் சொல்லாமல், கூரை வேலை கொஞ்சம் தள்ளிப்போகும் என்று மட்டும் அறிவித்தார். பெயர் சொல்லாததால் ஒன்றும் மறைந்துவிடவில்லை. ராயபுரம் அப்படிப்பட்ட இடம் இல்லை. திங்கட்கிழமை மாட்டுவண்டிகள் வந்தன. கான்ட்ராக்டரின் கூலியாட்களே மரத்தைத் திரும்ப ஏற்றினார்கள். பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் கஷ்டமானவை. எங்கள் சம்பளம் சபையின் காணிக்கையிலிருந்து வருவது. அது குறைந்தது, பிறகு பிந்தியது. பிடியரிசிப் பானையை நிறுத்திவிட்டதாகச் சிலர் என்னிடமே சொன்னார்கள். “எங்க கூரையே ஒழுகுது, ஐயரம்மா” என்று ஒருத்தி குத்தலாகச் சொன்னாள். மழை அந்த வருஷம் முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பிள்ளைகளின் படுக்கையைச் சுருட்டி இழுத்துக்கொண்டே நான் என் கணவரிடம் சத்தம் போட்டேன். “நம்ம பிள்ளைக நனையுதுகளே, அது உங்க கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரியுது” என்றார். படுக்கையின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. பதிலுக்கு அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தக் குடும்பத்தை எங்கள் கோயிலின் பக்கத்து அறையில் வந்து இருக்கச் சொன்னோம். அங்கே ஒழுக்கு கொஞ்சம் குறைவு. விழுந்து கிடந்தவன் மறுத்துவிட்டான். “நான் இங்கேர்ந்து எய்ந்து பூட்டா வூடு போச்சு, ஐயரே. அதுக்குத்தான பிரிச்சாங்கோ” என்றான். அவன் சொன்னதும் சரிதான். மீன்பிடிக்கிற ஒருவர் தம் கட்டுமரத்துப் பழைய பாய்த்துணியைக் கொடுத்தார். அதை மூங்கில்மேல் இழுத்துக் கட்டினார்கள். பாதி மழையை அது தடுத்தது.

கார்த்திகையில் ஒரு பிற்பகல் எங்கள் வாசலில் ஜட்கா வந்து நின்றது. கான்ட்ராக்டரின் மனைவி இறங்கினார். குடும்பத்தோடு வேறு கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் அதிகம் பேசாதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மரத்த ஏன் திருப்பி அனுப்பிட்டீங்க? எங்க வூட்டுக்காரர் ஐயரோட சண்டைன்னு மட்டும் சொன்னாரு. என் புள்ளைக்கோசரம் நேர்ந்துக்கினது நானு. என் தங்க வளையல வித்து வாங்குன மரம் அது. இன்னா நடந்துச்சின்னு எனக்குத் தெரியணும்.”

அவர் கைகளை அப்போதுதான் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள்தான் இருந்தன.

நடந்ததைச் சொன்னேன். முகம் மாறவில்லை. “நான் பாக்கணும்” என்றார். ஜட்காவிலேயே இருவரும் போனோம். மணல் பாதையில் வண்டி போகாது என்பதால் மிச்ச தூரம் நடந்தோம். பட்டுச்சேலை ஓரம் முழுக்கச் சேறாயிற்று.

அந்தப் பெண் வாசலில் நின்று, பாய்த்துணியில் தேங்கிய தண்ணீரைக் குச்சியால் தள்ளிக்கொண்டிருந்தாள். வந்திருப்பது யார் என்று சொன்னேன். அவள் குச்சியைக் கீழே வைக்கவில்லை.

“என் புள்ள பொயச்சதுக்குக் கூரை போடறேன்னு நேர்ந்துக்கினேன்” என்றார் கான்ட்ராக்டரின் மனைவி. ஏன் அதை முதலில் சொன்னார் என்று தெரியவில்லை. ஒருவேளை அதுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்கும்.

“எந்தக் கூரைன்னு சாமிகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள் அவள்.

உள்ளேயிருந்து அவள் புருஷன், “ஏய், சும்மா இரு” என்று அதட்டினான். அவள் கேட்கவில்லை. “உங்க புள்ள ஜொரத்துல கெடந்தப்போ மேல கூரை இருந்துச்சில்ல? எம்புள்ள இப்போ இருமிக்கினு கீது. வந்து பாருங்கோ.”

கான்ட்ராக்டரின் மனைவி குனிந்து உள்ளே போனார். குழந்தையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். வெளியே வந்து மூங்கில்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “எத்தினி கட்டு ஓலை வேணும்?”

அவருடைய வீட்டில் அதற்குப் பிறகு என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. நேர்த்திக்கடன் தன்னுடையது, அதை எங்கே செலுத்துவது என்று தனக்குத் தெரியும் என்று புருஷனிடம் சொன்னதாகப் பின்னாளில் அவரே ஒரு பேச்சில் சொன்னார். இரண்டொரு நாளில் ஓலை வண்டி வந்தது. கூடவே கான்ட்ராக்டரின் மனைவியும் வந்தார். குடையைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிகிறவரை பாதையிலேயே நின்றார். மேலே ஏறி ஓலை கட்டியவன் அதைப் பிரித்த அதே மேஸ்திரிதான்.

குடிசை வரிசையே வெளியே வந்து பார்த்தது. மேஸ்திரிக்கு வெட்கமாயிருந்தது. “அன்னிக்கு ஐயா பிரிக்கச் சொன்னாரு, பிரிச்சேன். இன்னிக்கு அம்மா கட்டச் சொல்றாங்கோ, கட்டறேன். நான் இன்னா பண்றது?” என்று மேலேயிருந்தபடியே பொதுவாகச் சொன்னான்.

“நல்லா நெருக்கிக் கட்டு. அது போதும்” என்றாள் குடிசைக்காரி.

கான்ட்ராக்டர் அந்தக் கூரையை மறுபடி பிரிக்கவும் இல்லை, போடச் சொன்னது தான்தான் என்று எங்கும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. எங்கள் கோயிலுக்கும் வரவில்லை. அடுத்த வருஷம் ஈஸ்டர் கழிந்து, ஒரு காலையில் எங்கள் முற்றத்தில் வந்து நின்றார்.

“கூரை எப்போ போடப் போறீங்கோ, ஐயரே?”

“கொஞ்சங் கொஞ்சமாச் சேருது. பார்ப்போம்.”

“அந்த மரத்த வித்துட்டேன்.”

“தெரியும்.”

“கல்லும் வாணாம். எல்லாரும் காணிக்கை போடறாப்ல நானும் போடறேன். வாங்கிக்குவீங்களா?”

“வாங்கிக்கிடுதேன்.”

பிறகு அவரே சொன்னார். “குடிசை லைன்ல இன்னும் ரெண்டு பேரு கீறாங்கோ, வேலைக்கு ஆவாதவங்கோ. ஒருத்தனுக்குக் கண்ணு போச்சி. இருக்கட்டும்னு வுட்டுட்டேன். எங்க வூட்ல தெனம் ஒரு பாட்டு அதுக்கோசரம்.”

“நல்லது” என்றார் என் கணவர். காபி சாப்பிடச் சொன்னார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நகர்ந்து இடம் கொடுத்தார்.

கோயில் கூரை முடிய இன்னும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. தேக்கு இல்லை, பனஞ்சட்டம்தான். ஓட்டில் பாதி புதிது, பாதி பழையது. பார்க்க ஒன்றும் அழகாக இல்லை. சில பெண்கள் தாலிக்கொடியில் கோத்திருந்த காசைக் கழற்றிக் கொடுத்தார்கள். நிறுத்திவைத்த பிடியரிசிப் பானைகளும் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன. எனக்குக் குத்தலாகப் பதில் சொன்னவள் மட்டும் கடைசிவரை கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

விழுந்தவன் நிமிர்ந்து நடக்கவேயில்லை. உட்கார்ந்த இடத்தில் மீன்கூடை பின்னக் கற்றுக்கொண்டான். நாங்கள் அங்கே இருக்கும்போதே செத்துப்போனான். அந்தக் குடிசையில்தான். அவன் மனைவி ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஆப்பம் சுட்டு விற்க ஆரம்பித்தாள். வியாபாரம் நடக்கத் தொடங்கியதும் ஒரு சனிக்கிழமை வந்து, “என் பங்க இனிமே எடுத்து வெக்காதீங்கோ. வேற யாருக்காச்சும் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் எங்கள் கோயிலுக்கு ஒருநாளும் வந்ததில்லை. இவ்வளவு செய்தும் அவள் ஞானஸ்நானம் பெறவில்லையே என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். “அதுக்காகச் செஞ்சிருந்தா அது காணிக்கை இல்ல, வியாபாரம்” என்று என் கணவர் சொன்னார்.

எங்களை அரக்கோணத்துப் பக்கம் மாற்றினார்கள். சாமான்களோடு ஸ்டேஷனுக்குப் போன காலையில் கான்ட்ராக்டரின் மனைவி கட்டுச்சோறு கொண்டுவந்து கொடுத்தார். ஆப்பக்காரி சட்டியருகே இருந்தாள். அவளைச் சுற்றி ரயிலுக்குப் போகிறவர்கள் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். வரட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். அவளால் எழ முடியவில்லை. கரண்டி பிடித்த கையை உயர்த்தி ஆட்டினாள். நானும் கையை ஆட்டிவிட்டுப் பிள்ளைகளை வண்டியில் ஏற்றினேன்.